அல்மாரியில் இருநூற்றுத் தொண்ணூற்றொரு பேர்

1986 நவம்பர் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பதுக்குப் பினாங்குத் தீவில் தங்கராஜு வீட்டு அல்மாரியிலிருந்து முதல் ஆள் வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். கட்டம் போட்ட சட்டை, சட்டைப் பையில் சீப்பு, காலில் ஜப்பான் சிலிப்பர். தங்கராஜுவின் மனைவி புஷ்பவள்ளி மகளின் பள்ளிச் சீருடையை எடுக்கக் கதவைத் திறந்திருந்தார். அந்த ஆள் தொங்கிய சேலைகளை ஒதுக்கி, தலை இடிக்காமல் குனிந்து இறங்கி, மணி என்ன என்று கேட்டார். புஷ்பவள்ளி சொன்னார். அவர் நன்றி சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றார். ஏழு மணிக்குள் இன்னும் இருவர் இறங்கினார்கள். மறுநாள் மூவர். நாளுக்கு மூன்று பேர் என்பது தொண்ணூற்றேழு நாளும் மாறவில்லை. பிப்ரவரி பத்தாம் தேதி, தைப்பூசத்துக்குச் சில நாள் இருக்கும்போது, கடைசி ஆள் இறங்கி அல்மாரிக் கதவைத் தானே சாத்தினார். மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றொரு பேர். அந்த எண்ணிக்கையை முந்தைய ஜூலையிலேயே ஒருவர் தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டிருந்தார்.

அவர் பெயர் சற்குணம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்கத்தில் முப்பத்தொரு வருடம் கிராணியாக, கடிதம் அடிக்கும் எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்க அரசியல் தாள் எழுதினார். பெயர் ‘நேர்கோடு’. கார்பன் வைத்து ஆறு பிரதி அடிப்பார். ஆறாவது பிரதியை வெயிலில் பிடித்தால்தான் படிக்க முடியும். முதல் பிரதியைக் குவீன் ஸ்திரீட்டின் பின்சந்தில் இருந்த ஜெயராஜின் தேத்தண்ணிக் கடையில், பலகைச் சுவரில், ஆணியில் மாட்டுவார். ஆளும் கூட்டணி சொல்வது பெரும்பாலும் சரி என்பது அவருடைய கொள்கை. மூன்றாவது வாரம் பக்கத்தில் இன்னொரு ஆணி அடிக்கப்பட்டது. அதில் ‘குறுக்குக்கோடு’ தொங்கியது. எழுதியவர் தங்கராஜு. துறைமுகக் கிடங்கில் சரக்கு எண்ணுவது அவர் வேலை. மூட்டையை எண்ணுவதில் பிசகமாட்டார். எதிர்க்கட்சிக்காரர் என்பதால் ஆட்களை எண்ணும்போது கொஞ்சம் கூடிவிடும். இருவருக்கும் இருபத்தொரு வயது வித்தியாசம். ஏழு வருடம், வெள்ளிக்கிழமை தவறாமல், ஒருவரை ஒருவர் இழுத்துப் போட்டு அடித்தார்கள். அமைச்சரை வரவேற்கப் போன சற்குணம், மாலையை அவசரத்தில் டிரைவருக்குப் போட்டுவிட்டார் என்றும், அந்த டிரைவரே நல்ல பேச்சாளராக இருந்தார் என்றும் தங்கராஜு எழுதினார். தங்கராஜுவின் கட்சிச் செயற்குழு ஒரே சைக்கிளில் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது என்று சற்குணம் எழுதினார். லிட்டில் இந்தியாவின் துணிக்கடைக்காரர்களும் பணம் மாற்றுபவர்களும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆள் அனுப்பிப் படித்துவரச் சொன்னார்கள். அரசியல் யாருக்கும் அவ்வளவு முக்கியமில்லை. யார் யாரை என்ன சொன்னார் என்பதுதான் வேண்டியிருந்தது.

எழுதியது போதாதென்று இருவரும் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து மிச்சத்தைப் பேசித் தீர்ப்பார்கள்.

“என்ன தம்பி, இடைத்தேர்தலிலையும் தோத்தாச்சாம். உம்மட கட்சியில ரெண்டு பேரும் சுகம்தானே?” என்பார் சற்குணம்.

“ரெண்டு பேரு இல்லண்ணே, மூணு. உங்க வீட்டு அக்கா நேத்துச் சேந்துட்டாங்க.”

“அவ உம்மட கட்சியில சேர்ந்தா நல்லதுதான். ஒரு கட்சியையாவது வாய் திறக்க விடாம வச்சிருப்பா.”

“அக்கா சேந்தா நானும் சேர்றேன் லா,” என்பார் ஜெயராஜ், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே. “அவங்க கூட்டத்துல பலகாரமாச்சும் கெடைக்கும்.”

சற்குணத்தின் தாளுக்கு ஒரு தனி அழகு இருந்தது. அதை அவர் அரசாங்கக் கடிதம் போலவே அடிப்பார். மேலே கோப்பு எண், தேதி, பொருள். பத்திகளுக்கு வரிசை எண். கீழே பெயர், கையெழுத்து, அதன் கீழே நகல் யாருக்கு என்ற பட்டியல். பட்டியலில் கடைசி வரி எப்போதும் ‘காவல் நிலையம், தகவலுக்கும் மேல் நடவடிக்கைக்கும்’ என்று இருக்கும். எந்த நகலும் எங்கும் போனதில்லை. முப்பத்தொரு வருடம் சிரிக்காமல் அடித்ததைச் சிரிப்புக்காக அடிப்பதில் அவருக்கு ஒரு சுகம். படிக்கிறவர்கள் கடைசி வரிக்கு வந்ததும் தொடையைத் தட்டுவார்கள். தங்கராஜு அந்த வரியை முதலில் படித்துவிட்டுத்தான் மேலே போவார்.

1986 ஜூலையில் பொதுத் தேர்தல் பிரசாரம் நடந்தது. தங்கராஜு ஒரு திடலில் கூட்டம் போட்டார். மழை தூறியது. முந்நூறு பேர் திரண்டதாகக் ‘குறுக்குக்கோடு’ எழுதியது. இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை ‘நேர்கோடு’ வந்தது. பொருள்: காணாமல் போன ஆட்கள். ஒன்று: கூட்டத்துக்கு முந்நூறு பேர் என்கிறார் தங்கராஜு. இரண்டு: நான் நேரில் எண்ணியது ஒன்பது. அதில் ஒருவர் ஐஸ் கச்சாங் விற்க வந்தவர். மூன்று: மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்றொரு பேரையும் தங்கராஜு தம் வீட்டு அல்மாரியில் பூட்டி வைத்திருப்பதாகத் தெரிகிறது. நான்கு: தக்க நேரத்தில் கதவைத் திறப்பார். அன்றைக்கு மாநில அரசாங்கம் உட்கார்ந்திருக்கும் கொம்தார் கட்டடம் அவர் கையில். கடையில் அன்று சிரித்த சிரிப்பில் ஒரு பெஞ்சு உடைந்தது. தங்கராஜு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்துப்பூச்சி உருண்ட போட்டு வச்சிருக்கேண்ணே, ஒரு ஆளுகூட கெடாது,” என்றார். இரண்டு வாரத்துக்குத் தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் அவரிடம் அல்மாரியைப் பற்றியே கேட்டார்கள். ஆட்களுக்குக் காற்று வருகிறதா என்றார்கள். அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் பிரதி ஆணியில் தங்கவில்லை. யாரோ எடுத்துப்போனார்கள். தாள்கள் முன்பும் காணாமல் போனதுண்டு. யாரும் பெரிதாக நினைக்கவில்லை. செப்டம்பர் எட்டாம் தேதி திங்கட்கிழமை மத்தியானம் ஒரு வெள்ளைக் காரில் சாதாரண உடையில் போலீஸ்காரர்கள் நான்கு பேர் தங்கராஜு வீட்டுக்கு வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய் அல்மாரியைத் திறந்தார்கள். சேலைகள், கல்யாணக் கோட்டு, மகளின் சட்டைகள். ஒருவர் உள்ளே கையை விட்டுப் பின்பலகையைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு படிவத்தில் எழுதினார்: அல்மாரி ஒன்று. ஆட்கள் இல்லை. முன்கூட்டியே இடம் மாற்றப்பட்டிருக்கலாம். தட்டச்சு இயந்திரத்தையும் தங்கராஜுவையும் கொண்டுபோனார்கள். வழக்கு இல்லை. விசாரணைக்கு அறுபது நாள், அதன் பிறகு இரண்டு வருடத் தடுப்பு ஆணை, தேவைப்பட்டால் மறுபடி இரண்டு வருடம். சட்டம் அப்படி இருந்தது.

மூன்றாவது வாரம் சற்குணத்துக்கு ஒரு போலீஸ் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர் இஸ்திரி போட்ட சட்டையில் போனார். நோர்மா என்ற அதிகாரி அவருக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வரவழைத்துக் கொடுத்து, அரசாங்கத்தின் சார்பில் நன்றி சொன்னார். மேசையில் கோப்பு இருந்தது. அதில் அவருடைய தாள் மலாயில் மொழிபெயர்க்கப்பட்டு, பெற்றுக்கொள்ளப்பட்டது என்ற நீல முத்திரையோடு இருந்தது. மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தை விடுபடவில்லை. சிரிப்பு மட்டும் இல்லை. ஓரத்தில் பென்சிலில், நம்பத்தகுந்த தகவலாளர் என்று எழுதியிருந்தது. அது தன்னைத்தான் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் ஆனது. இருவரும் மலாயில், அம்மா என்பதற்குப் புவான், ஐயா என்பதற்கு என்சிக் என்று மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

“இது விளையாட்டு, புவான்.”

“எது?”

“எல்லாமே.”

நோர்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். “கோப்பு எண் போட்டிருக்கிறீர்கள்.”

“பழக்கம்.”

“எங்களுக்கு நகல் என்றும் போட்டிருக்கிறீர்கள்.”

“அதுதான் விளையாட்டே.”

“என்சிக் சற்குணம், விளையாட்டுக்குச் சொல்கிறவர்கள் முந்நூறு என்பார்கள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று என்று சொல்லமாட்டார்கள்.”

கோபமாக அவர் சொல்லவில்லை. அவருக்கும் அது ஒரு வேலை. சற்குணம் அங்கேயே ஒரு காகிதம் வாங்கி, அப்படி ஆட்கள் யாரும் இல்லை, இருந்ததும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். நோர்மா அதைக் கோப்பில் வைத்தார். முத்திரை குத்தவில்லை. அக்டோபர் முழுக்கச் சற்குணம் மேலிடங்களுக்கு எழுதினார். எல்லாக் கடிதத்திலும் ஒரே வாதம்: இருந்தால் காட்டுங்கள். அது நல்ல வாதம். நவம்பர் ஆறாம் தேதி காலை ஆறு நாற்பது வரை அது நல்ல வாதமாக இருந்தது.

இறங்கிய ஆட்கள் சாதுவானவர்கள். எல்லார் மேலும் பூச்சி உருண்டை வாசனை. எங்கிருந்து வருகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆயுதம் என்று எவரிடமும் எதுவும் இல்லை. ஒருவரிடம் நகவெட்டி இருந்தது. முதல் வாரம் புஷ்பவள்ளி அவர்களுக்குச் சோறு போட்டார். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டு ஆயிஷா பெரிய சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் பாத்திரம் கழுவினார்கள், சாக்கடை அடைப்பை எடுத்தார்கள், பிறகு மெல்ல மெல்ல வேலைக்குப் போனார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பலர் சேர்ந்தார்கள். சிலர் கெலுகோரில் அறை எடுத்தார்கள். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. அடையாள அட்டைக்குப் பிறப்புப் பத்திரம் கேட்டபோது அவர்களிடம் இல்லை. ஆனால் அவர்கள் இருப்பதாக ஓர் அரசாங்கக் கோப்பு சொன்னது. மூன்று வாரத்தில் குடிமக்களுக்குரிய நீல அட்டை கிடைத்தது. புஷ்பவள்ளியின் அம்மா இந்த நாட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அறுபது வருடம் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். அவர் இன்னும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டையோடு இருந்தார். அந்த வருடத் தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல்களில் மோர் ஊற்றியவர்களில் பாதிப் பேர் அல்மாரியிலிருந்து வந்தவர்கள். நன்றாக ஊற்றினார்கள் என்று கோயில் கமிட்டி பாராட்டியது.

புஷ்பவள்ளி மாதம் ஒரு முறை பெர்ரிப் படகு ஏறி, பஸ் மாறித் தடுப்பு முகாமுக்குப் போய்க் கணவரைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் திரும்பும் வழியில் ஜெயராஜ் கடைக்கு வந்தார். சற்குணம் எழுந்து நின்றார்.

“உக்காருங்கண்ணே. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அந்தத் தாள அவர்கிட்ட படிச்சுக் காட்டுனாங்களாம். மொத நாளு கேட்டுட்டு அவரு சிரிச்சாராம்.”

சற்குணம் உட்கார்ந்தார்.

“ஏன் சிரிச்சேன்னு அப்புறம் நாப்பது நாளு கேட்டாங்களாம்,” என்றார் புஷ்பவள்ளி. பிறகு, “நீங்க எழுதித்தானே வந்தாங்க. நீங்களே எழுதி உள்ள அனுப்பிடுங்கண்ணே. இல்லாட்டி அவரு வந்துட்டாருன்னு எழுதுங்க,” என்றார்.

அன்று மாலை சற்குணம் எழுதினார். கோப்பு எண், தேதி. பொருள்: தங்கராஜு. ஒன்று: மேற்படி நபர் ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீடு வந்து சேர்ந்தார். இரண்டு: அல்மாரி காலி. ஆறு பிரதி அடித்தார். ஞாயிற்றுக்கிழமை புஷ்பவள்ளியும் மகளும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வரவில்லை. சற்குணம் கிராணி. தாமதத்துக்குக் காரணம் அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அந்த ஜூலைத் தாளில் நீல முத்திரை இருந்தது. இதில் இல்லை. திங்கட்கிழமை புதிய தாளை எடுத்துக்கொண்டு நோர்மாவிடம் போனார்.

“ஒரு முத்திரை மட்டும் குத்திக் கொடுங்கள், புவான்.”

நோர்மா படித்தார். “இது உண்மையில்லையே,” என்றார்.

“அதுவும் உண்மையில்லை.”

“அதில் சொன்ன ஆட்கள் வந்துவிட்டார்கள். என் வீட்டுக் கூரை ஒழுகலைச் சரிசெய்ததே அவர்களில் ஒருவர்தான்.” தாளை அவர் பக்கம் நகர்த்தினார். “விளையாட்டுக்கு இங்கே முத்திரை குத்துவதில்லை.”

மார்ச் மாதம் விசாரணை வாரியம் பினாங்கில் கூடியது. தங்கராஜுவை விடலாமா என்று அது பரிந்துரைக்கும். சற்குணம் சாட்சி சொல்ல அனுமதி வாங்கினார். ஐந்து வாரம் தயார் செய்தார். ஆட்கள் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது, ஆகவே தாளை எழுதியபோது இல்லை என்று சொல்லத் தீர்மானித்தார். அது நுணுக்கமான வாதம். அன்று காலை அவர் கடையிலிருந்து கிளம்பி நடந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். இருநூற்றுத் தொண்ணூற்றொரு பேரும் இரண்டிரண்டு பேராக வரிசையில் வந்துகொண்டிருந்தார்கள். லீவு எடுத்துக்கொண்டு, தலைவாரி, சுத்தமாக வந்திருந்தார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர் முன்னால் வந்தார்.

“எங்களாலதான் அவருக்குக் கஷ்டம்னு சொன்னாங்க ஐயா. நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறோம்.”

“தயவு செய்து திரும்பிப் போங்கோ,” என்றார் சற்குணம். “உங்களைக் கும்பிடுறன். போங்கோ.”

“பரவால்லங்க ஐயா. வேலைய அப்புறம் பாத்துக்கலாம்.”

அவர்களைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. நன்றியுள்ளவர்கள். அவர்கள் யாரையும் இடிக்காமல், சாலையை மறிக்காமல், சத்தமில்லாமல் போய்க் கட்டடத்தின் முன் நின்றார்கள். இருநூற்றுத் தொண்ணூற்றொரு பேர் சத்தமில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. வாரியத்தின் மூன்று உறுப்பினர்களும் ஜன்னலுக்கு வந்தார்கள். நோர்மா கீழே இறங்கி வந்து விரலால் எண்ணினார். மேலே போய், அறிக்கை சரியாக இருக்கிறது என்றார். சற்குணத்தின் சாட்சியம் தேவைப்படவில்லை. தங்கராஜுவின் ஆணை அப்படியே நின்றது. எண்பத்தெட்டில் மறுபடி இரண்டு வருடம். தொண்ணூறில் மறுபடி இரண்டு. ஒவ்வொரு முறையும் காரணத்தில் ஜூலைத் தாளின் மூன்றாவது, நான்காவது பத்திகள் வார்த்தை மாறாமல் இருந்தன. தான் அடித்ததிலேயே அதிகம் படிக்கப்பட்டது அதுதான் என்று சற்குணத்துக்குத் தெரிந்தது.

அவர் ‘நேர்கோடு’ எழுதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பக்கத்து ஆணிக்கு அவமானம் என்றார். ஆனால் வேடிக்கை போய்விட்டது. தேதி, மழை, யார் தேர்தலில் நின்றார், யார் இறந்தார். சொந்தக் கட்சியை ஒரு முறை கண்டித்தார். அதை யாரும் எடுத்துப்போகவில்லை. தன்னையே கேலி செய்து, தங்கராஜு எழுதுவதுபோல் ஒரு ‘குறுக்குக்கோடு’ எழுதிப் பார்த்தார். பாதியில் கிழித்துப் போட்டார். சிலர் அவரைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். தகவலாளர் என்ற சொல் எப்படியோ வெளியே வந்திருந்தது. சந்தையில் மீன்காரர் அவருக்குப் பதில் சொல்லும் முன் இரண்டு பக்கமும் பார்த்தார். அல்மாரி ஆட்கள் மட்டும் அவரிடம் அன்பாக இருந்தார்கள். அவர்களைப் பற்றி முதலில் சொன்னவர் அவர் அல்லவா. அவர்களில் ஒன்பது பேர் தங்கள் பிள்ளைகளுக்குக் குணம் என்று பெயர் வைத்தார்கள். எட்டு பேர் அந்த வருடங்களில் இறந்தார்கள். சாதாரணமாக, ஆஸ்பத்திரியில், சொந்தக்காரர்கள் சூழ. எண்பத்தொன்பதில் சற்குணத்தின் மனைவி போனபோது பாடையைத் தூக்கிய நால்வரும் அல்மாரியிலிருந்து வந்தவர்கள். வேறு யாரும் முன்வரவில்லை.

1992 செப்டம்பரில் தங்கராஜு வீடு வந்தார். வாழைப்பழம் கொண்டுவரவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையும், எழுதக்கூடாது, கூட்டத்தில் பேசக்கூடாது என்ற கடிதமும் இருந்தன. நாற்பத்தைந்து வயதில் அறுபது போல இருந்தார். வாசலில் நின்றிருந்தவர்கள் யார் என்று கேட்டார். புஷ்பவள்ளி சொன்னார். அவர் தலையாட்டினார். அல்மாரியைத் திறந்து இரண்டு சட்டைகளை மாட்டினார். இடம் இருந்தது. யாராவது ஏதாவது சொன்னால் அவர் முதலில் சொன்னவரின் முகத்தைப் பார்ப்பார், பிறகு தரையைப் பார்ப்பார். டிவியில் வேடிக்கை வந்தால் எழுந்து போய்விடுவார். மகள் பதினான்கு வயதில் அவரைச் சிரிக்க வைக்கப் பல குரலில் பேசிப் பார்த்தாள். ஏன் அப்படிப் பேசுகிறாய் என்று அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு அவள் பேசவில்லை.

வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் ஜெயராஜ் கடைக்கு நடந்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை, கால் பழக்கத்தில் வந்தது. பழைய பெஞ்சில் உட்கார்ந்தார். கட்டம் போட்ட சட்டைக்காரர் இப்போது அங்கே வேலை செய்தார். அவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பூச்சி உருண்டை வாசனை லேசாக வந்தது. தங்கராஜு நன்றி சொன்னார். சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. ஒன்றில் தாள். மற்றது துரு இல்லாமல் இருந்தது. ஆறு வருடமும் வெள்ளிக்கிழமைதோறும் அதை ஒருவர் துடைத்திருந்தார். அவர் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தாறு வயது. மன்னிப்புக் கேட்க அவர் ஆறு வருடம் வாக்கியம் சேர்த்து வைத்திருந்தார். கடிதமாகவும் அடித்து, பையில் வைத்திருந்தார். அதை எடுக்கவில்லை.

“தலையைப் பார்த்தீரா, தம்பி,” என்றார் சற்குணம். “ஒரு மயிர் இல்லை. பல்லும் கட்டினது. நான் வாக்களிச்ச ஆள் போன முறை வைப்புத்தொகையும் போய்த் தோத்தவர். வேட்டி அவிழ்ந்து கோயில் வாசலில விழுந்தும் எழும்பினனான். ஊரே பார்த்தது.”

தங்கராஜு அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணியைப் பார்த்தார். ஜெயராஜ் ஆற்றுவதை நிறுத்தியிருந்தார். கடையில் இருந்த அல்மாரி ஆட்கள் பதினோரு பேரும் மரியாதையாகத் தலை குனிந்திருந்தார்கள்.

“எழுத வேண்டாம்,” என்றார் சற்குணம். “சும்மா வாயால. என்னைப் பற்றி ஏதாவது ஒண்டு சொல்லுமன், தம்பி.”